நாலாவது பிளாஸ்க்

பாத்திரக் கடை நடுவில் நின்றுகொண்டு ஒரு பிளாஸ்க்கைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார் நம்ம ஆள். கீழே வெள்ளைக் கைக்குட்டை விரித்திருந்தது. ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிட வேண்டுமாம். இது பன்னிரண்டாவது. சாமான் வாங்க வந்த நாலு பேர் வந்த வேலையை மறந்துவிட்டு இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்தார்கள்.

கடைக்காரன் அவர் மனைவியின் தம்பி. அதனால்தான் இன்னும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாமல் இருந்தான்.

"மச்சான், இது காபி கொண்டுபோறதுக்கா, இல்ல கடலுக்கு அடியில போறதுக்கா?"

"ஒழுகக் கூடாது. அவ்வளவுதானே நான் கேக்குறேன்? பெரிய உலகமகா ஆசையா?"

"ரெண்டு மாசத்துல மூணு பிளாஸ்க் திருப்பிக் கொடுத்துட்டீங்க. எங்கிட்ட வாங்கின வேற யாருக்கும் ஒழுகல. உங்களுக்கு மட்டும் எப்படித்தான் ஒழுகுதோ!"

அவர் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே இருந்த ரப்பர் வாஷரை நகத்தால் நெம்பி எடுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, மறுபடி உள்ளே அழுத்தினார். பட்டனைத் தட்டினால் திறக்கும் மூடி வேண்டாம், அதில் பால் போய் அடைந்துகொண்டு நாறும். உறிஞ்சு குழல் வைத்தது குழந்தைகளுக்கு. கண்ணாடிக் குடுவை ஒரு தடவை கை தவறினால் போச்சு. ஸ்டீல், திருகு மூடி, கை போகிற அளவு வாய். கடைசி நிபந்தனை கழுவுகிறவளுடையது. எல்லாம் பொருந்தி வந்தது. ஆனாலும் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நாலு தடவை நடந்துவிட்டுத்தான் அதை எடுத்துக்கொண்டார்.

இதில் சிரிப்பு என்னவென்றால், ஒழுகலைக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு உத்தியோகமே.

குடிநீர் இலாகாவில் இருபத்தெட்டு வருஷம். ரோட்டுக்கு அடியில் ஓடும் குழாயில் எங்கே விரிசல் என்று தோண்டாமலேயே சொல்ல வேண்டும். இலாகா வாங்கிய மெஷின் ஒன்று உண்டு. வாங்கிய மறுவருஷமே அது பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இவரிடம் இருந்தது ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் ஒரு மரக் கிண்ணம். கம்பியின் நுனியை வால்வு மேல் ஊன்றிக் கிண்ணத்தில் காதை வைப்பார். பெரிய ஓட்டை என்றால் உறுமும். மயிரிழை விரிசல் என்றால் 'உஸ்' என்று இழுக்கும். இந்த வால்வில் கேட்டு, அந்த வால்வில் கேட்டு, நடுவில் ரோட்டின் மேலேயே நாலு இடத்தில் கம்பியை ஊன்றிப் பார்த்துவிட்டுச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அங்கே தோண்டினால் தண்ணீர் இருக்கும். இருக்கும் என்றால் இருக்கும்! கொத்துகிற ஆட்கள் பந்தயம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். அவருக்குப் பெயரே 'காது' என்று ஆகிவிட்டது. 'காது சார் வீடு எது' என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி சொல்வார்கள்.

வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் கேட்காது. ஆகவே விடியற்காலை வேலை. அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது, காபி இல்லாவிட்டால் இவருக்குக் கம்பியும் பிடிக்காது, மனுஷரையும் பிடிக்காது. பத்து வருஷம் உழைத்த பழைய பிளாஸ்க் நசுங்கிப் போனதிலிருந்து பிடித்தது சனி. முதல் பிளாஸ்க் பையை நனைத்தது. இரண்டாவது, மாற்றுச் சட்டையை நனைத்தது. மூன்றாவது, குழாய் வரைபடத்தையே காபியில் ஊறவைத்துவிட்டது. "ஊர் ஒழுகலையெல்லாம் பிடிக்கிறவர் பையிலயே ஒழுகலா!" என்று கொத்துகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், கழற்றிய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார்.

இதெல்லாம் பிளாஸ்க் பற்றிய கவலை என்று நீங்கள் நினைத்தால், நீங்களும் அவரை மாதிரியே ஏமாந்தவர்தான்.

விஷயம் இதுதான். போன மாதம் அவர் குறி போட்ட இடத்தில் தோண்டினார்கள். காய்ந்த மண். வரைபடம் தப்பு என்றார். பத்து நாள் கழித்து இன்னொரு தெரு, இன்னொரு குறி, மறுபடியும் காய்ந்த மண். பக்கத்தில் ஏதோ மோட்டார் ஓடியது என்றார். என்ஜினீயர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே கெட்ட சகுனமாகப் பட்டது அவருக்கு. "வயசாகுது, யாருக்கும் வர்றதுதான். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களைக் காது டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அப்புறம் பில் கவுண்டர்ல உட்காரலாம், நிழல்ல வேலை" என்றார். உட்காருவதாம்! சினிமாவுக்குப் போனால்கூட நின்றுகொண்டே பார்க்கிற ஆளை!

மூன்றாவது இடம், பிளாஸ்க் வாங்கிய இந்த நாளுக்கு மறுநாள் காலைக்குக் குறித்திருந்தது. ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வாசல். கீழ்த்தளச் சுவரில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே தோண்ட வேண்டுமானால் தண்ணீரை நிறுத்த வேண்டும். சரியான இடம் என்றால் ஒரு மணி நேரத்தில் முடியும். தப்பான இடம் என்றால் மத்தியானம் வரைக்கும் ஆஸ்பத்திரிக்குச் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

இதில் ஒரு வார்த்தைகூட அவர் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் சமையலறையில் வெந்நீரைக் கொதிக்கவைத்துப் புது பிளாஸ்க்கில் ஊற்றினார். மூடியைத் திருகினார். நன்றாகக் குலுக்கி மேடைமேல் வைத்தார். அவருடைய சோதனையில் காகிதத்தில் படுக்க வைப்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் காதால் கேட்க வேண்டும். குனிந்து மூடியின் மேல் காதை வைத்தார். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம்.

"அப்பாடா! கச்சிதம்! மூச்சுக்கூட வெளிய வரல பாரு!"

அடுத்த அறையில் அவர் மனைவி தையல் மெஷினில் யாருடைய பாவாடையையோ அடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றது.

"என்னங்க அது, உஸ்ஸுன்னு சத்தம்? கேஸை மூடினீங்களா இல்லையா?"

"மூடிட்டேனே."

அவள் எழுந்து வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், சிலிண்டர் பக்கம் குனிந்தாள், குழாயைத் தொட்டாள். கடைசியில் பிளாஸ்க் பக்கம் திரும்பினாள்.

"இதுலேர்ந்துதான் வருது. இவ்வளவு சத்தமா வருது, கச்சிதம்கிறீங்க?"

அவர் மறுபடி குனிந்து காதை வைத்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"ஆமா ஆமா. லேசா வருது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம். பிளாஸ்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடி மூடியைத் திறந்து என்னமோ செய்தாள். திரும்ப மூடி, குலுக்கி, அவர் காதருகே நீட்டினாள்.

"இப்போ? இன்னும் வருதா?"

"வருது. முன்னைக்கு இப்போ கொஞ்சம் கம்மி."

"சுத்தமா நின்னுபோச்சுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கொதித்த பாத்திரத்தை எடுத்தார், அதே இடத்தில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

"வாஷரைத் தலைகீழா மாட்டியிருந்தீங்க" என்றாள் அவள். "கடையில நல்லா இருக்கிறதைக் கழட்டிக் கழட்டிப் பார்த்து, தப்பா மாட்டி, ஒழுகுதுன்னு திருப்பிக் கொடுத்திருக்கீங்க. மூணையும் நீங்கதான் கெடுத்திருக்கீங்க. அது போகட்டும். காது எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"எங்கிட்ட வேண்டாம். பின்னாலேர்ந்து கூப்பிட்டா நீங்க திரும்பறதில்ல. ஏதோ கோபம்னு நான் நெனச்சுட்டு இருந்தேன்!"

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில், தரையில். போன வருஷத்திலிருந்து என்றார். உறுமல் கேட்கிறது, உஸ் மட்டும் போய்விட்டது என்றார். ரெண்டு காய்ந்த குழியையும் சொன்னார், என்ஜினீயரைச் சொன்னார், காலையில் போக வேண்டிய ஆஸ்பத்திரியையும் சொன்னார். பயமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

"எனக்கு வேற என்ன தெரியும்? பேரே அதுதானே!"

"பேரைக் கட்டிக்கிட்டு அழுங்க. அங்க பிள்ளை பெத்துக்க வந்து படுத்திருக்காங்க. வாயைத் திறந்து சொல்லிடுங்க."

"நாளைக்கு ஒரு நாள். அமைதியான தெரு. கேட்டுடும்."

அவள் வாஷரை மறுபடி கழற்றி, நன்றாகக் கழுவி, சரியான பக்கமாகவே மாட்டி, "இனிமே இதுல கை வெச்சீங்க, பார்த்துக்குங்க" என்று எச்சரித்துவிட்டு மெஷினுக்குப் போனாள்.

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் குருவிகூட எழுந்திருக்கவில்லை. அவ்வளவு அமைதி. கொத்துகிற ஆட்கள் மூன்று பேர் நடைபாதையில் குந்தியிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வருஷமாக இவர் குறி போட, ஆட்களை இறக்கித் தோண்ட வைக்கிறவள்.

அவர் கம்பியை முதல் வால்வில் ஊன்றினார். கிண்ணத்தில் காதை வைத்தார். தன் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. ரெண்டாவது வால்வு. அங்கேயும் தன் ரத்தமேதான். மறுபடி முதல் வால்வு. இடது காது, வலது காது. வாசலுக்கும் மூலைக்குமாக ஏழு தடவை நடந்தார். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைப் பார்த்தார், பார்க்காத மாதிரி நடந்தார்.

ஈரம் இடப்பக்கச் சுவரில்தானே ஏறியிருக்கிறது? அப்படியென்றால் இடப்பக்கம்தான் இருக்கும். இருக்கலாம். பாதிக்குப் பாதி. எத்தனை பேர் எதையெல்லாம் குத்துமதிப்பாகச் சொல்லிக் காலம் தள்ளுகிறார்கள்! குனிந்தார். சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். குறுக்குக் கோடு ஒன்று போட்டுவிட்டால் பெருக்கல் குறி.

அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் வாசலுக்கு வந்தாள். "சார், தண்ணி எத்தனை மணி வரைக்கும் இருக்காது? சரியாச் சொல்லிடுங்க. ரெண்டு பேருக்கு வலி வந்துடுச்சு."

சாக்பீஸ் கையிலேயே நின்றது.

"இன்னும் நிறுத்தலம்மா. சொல்லிட்டுத்தான் நிறுத்துவோம்" என்றார். அவள் உள்ளே போனதும் போட்ட கோட்டைச் செருப்பால் தேய்த்தார். பையைத் திறந்தார். வரைபடம் காய்ந்திருந்தது, சட்டை காய்ந்திருந்தது, பிளாஸ்க் மேல் ஒரு பொட்டு ஈரமில்லை. மூடியில் காபியை ஊற்றி மேஸ்திரியம்மாவிடம் நீட்டினார்.

"என்ன அண்ணே, முதல் காபி எனக்கு? மழைதான் வரப் போகுது!"

"குடிச்சிட்டு இந்தக் கம்பியைப் பிடிங்க. எனக்குக் கேக்கல."

அவள் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினாள். காபியை ஒரே மடக்கில் குடித்தாள், தலைத்துணியை ஒதுக்கிக்கொண்டு கிண்ணத்தில் காதை வைத்தாள்.

"ஐயோ அண்ணே! என்னமோ உஸ்ஸுன்னு இழுக்குதே!"

"அதுதான். அதைப் பிடிச்சுக்குங்க. இங்க பலமா, அந்த வால்வுல பலமா? அவசரப்படாதீங்க. மூச்சை அடக்கிட்டுக் கேளுங்க."

அவர் இடம் காட்டினார், அவள் கேட்டாள். ஊன்று, கேள், நகரு. சத்தம் கம்மியானால் திரும்பு. அரைமணி நேரத்தில் வலப்பக்க கேட் தூணுக்கு அருகே இருவரும் நின்றார்கள். அவர் தேய்த்த கோட்டுக்கும் இதற்கும் பன்னிரண்டடி தூரம் இருந்தது. பெருக்கல் குறியை அவளையே போடச் சொன்னார்.

நர்ஸிடம் ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை நிறுத்தித் தோண்டினார்கள். மூன்றடியில் மண் கறுத்தது. நாலடியில் சேறு. குழி நிறைய நிறையப் பம்பு வைத்து இறைத்தார்கள். இறைத்து முடிக்கிறபோது குழாயின் வயிற்றில் மயிரிழை விரிசல் தெரிந்தது. "காது சார் காதுதான்!" என்று குழிக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான். அந்த நேரத்தில் போன் அடித்தது. என்ஜினீயர்.

"என்ன, சரியா வந்துச்சா?"

"வந்துச்சு சார். இடம் பிடிச்சது மேஸ்திரியம்மா. எனக்குக் காது கேக்கல சார்."

அந்தப் பக்கம் பம்பு இரைச்சல்தான் போயிருக்கும்.

"என்ன? என்ன சொல்றீங்க? ஒண்ணுமே புரியல. சத்தமாச் சொல்லுங்க!"

அவர் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"எனக்குக் காது கேக்கல சார்!"

மண்வெட்டிகள் நின்றன. யாரோ பம்பையும் நிறுத்தினார்கள். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழியைப் பார்த்தபடி நின்றார். "அண்ணே" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள் மேஸ்திரியம்மா. அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தவள், கூப்பிடாமல், குழியைச் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். கையில் பிளாஸ்க் மூடி. அதில் மீதிக் காபி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"குடிங்க அண்ணே" என்றாள், வாயை நன்றாகத் திறந்து.