நான் சொல்லாத 'ம்'

இன்று மாலை என் கணவர் என்னை மந்தைவெளி பெட்ரோல் பங்கில் மறந்துவிட்டுப் போனார்.

பெட்ரோல் போடுவதற்காக ஸ்கூட்டரிலிருந்து இறங்கி ஓரமாக நின்றேன். அவர் மூடியைத் திருகினார், வண்டியைக் கிளப்பினார், போயே போய்விட்டார். என் போனும் வண்டிக்குள்.

பங்கில் வேலை செய்யும் பெண், "இன்னாக்கா, சாரு வுட்டுட்டுப் போயிட்டாரா? வந்துடுவாரு. இங்க அடிக்கடி நடக்குறதுதான்" என்றாள். இது ஆறுதலா என்று தெரியவில்லை.

லஸ் சிக்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"நீ பின்னாடி இருக்கேன்னு நெனச்சு வழியெல்லாம் பேசிண்டே போனேன்."

"பதில் வரலையேன்னு தோணலையா?"

"வந்துதே! நீ 'ம்'னு சொன்னியே."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். கேட்டுக் கேட்டுப் பழகியதை, ஆள் இல்லாதபோதும் காது கேட்டுக்கொள்ளும் போலிருக்கிறது. அதை மன்னித்திருப்பேன்.

"அப்படி என்ன கேட்டேள்?"

"அக்கா குடும்பத்தோட வந்து நம்மாத்துல ஒரு மாசம் தங்கட்டுமான்னு கேட்டேன். நீ 'ம்'ன ஒடனே, சிக்னல்ல நின்னுண்டே அவளுக்குப் போன் பண்ணி வரச் சொல்லிட்டேன். உன்கிட்ட பேசணும்னு சொன்னா. போனைக் குடுக்கத் திரும்பினா, நீ இல்லை!"

இரண்டு மாதமாக நான் வாய்விட்டுச் சொன்ன 'வேண்டாம்' ஒன்றுகூட இவர் காதில் விழவில்லை. சொல்லாத 'ம்' மட்டும் கணீரென்று விழுந்திருக்கிறது.

நாத்தனார் சனிக்கிழமை வருகிறார்.

நான் அப்போது வண்டியிலேயே இல்லை என்பதற்கு அந்த பங்க் பெண் சாட்சி. இந்தச் சம்மதம் செல்லுமா? சட்டம் படித்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.