ஆடாத நிலா

எங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு நிலாப் படம் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, சீமையிலிருந்து அச்சுப் படம் வரவழைத்துவிடலாம் என்றார் காரியதரிசி. மயிலாப்பூரில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் அப்போது சயன்ஸ் டீச்சர். "வேண்டாம் சார், நானே எடுத்துத் தரேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு என்றான் வீட்டில் அண்ணா. இருக்கலாம். ஆனால் தினமும் நம் தலைக்கு மேலே வருகிற நிலாவை விலைக்கு வாங்கி மாட்டுவது எனக்குச் சகிக்கவில்லை. "எடுங்கோ. எதுக்கும் நான் அதை வரவழைச்சு வெச்சுடறேன்" என்று காரியதரிசி சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

என்னிடம் இருந்த தொலைநோக்கி மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் வாங்கியது. பித்தளைக் குழல் நல்ல குழல். அதைத் தாங்கிய ஸ்டாண்டைத்தான் சொல்லவேண்டும். மூன்று கால்களுக்கும் மூன்று அபிப்பிராயம். அண்ணாவின் கேமராவில் லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழலின் பின்னால் பொருத்தினோம். ஒரு விநாடியாவது வெளிச்சம், படம் பதிகிற கண்ணாடி பிளேட்டில் விழவேண்டும். அந்த ஒரு விநாடியில் குழல் மயிரிழை ஆடினாலும் போச்சு, குழல் நிலாவைப் பெரிதாக்குகிற மாதிரி ஆட்டத்தையும் பெரிதாக்கிக் காட்டும்.

மொட்டை மாடியில் வைத்து எடுத்த முதல் படத்தில் நிலா எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கொப்புளித்திருந்தது. கனம் கொடுத்தால் நிற்கும் என்று கால்களுக்கு நடுவே தண்ணீர்க் குடத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். கடற்காற்றில் குடம் ஊஞ்சலாடியது. கூடவே நிலாவும் ஆடியது. காற்று அடங்கிய ஒரு சாயங்காலம், சரியாகப் பிளேட்டைத் திறந்த சமயத்தில், உலர்ந்த துணியை எடுக்க அண்ணாவின் மனைவி, என் மன்னி, மாடிக்கு வந்தாள். தளம் அதிர்ந்தது. நிலா இரண்டாகிவிட்டது.

நான் கத்திவிட்டேன். "மன்னி, கொஞ்சம் நடக்காம இருக்கப்படாதா?"

மன்னி அசரவில்லை. "நான் நடந்தா நிலா ஆடறதுன்னா அது நிலாவோட கோளாறு. நான் என்ன பண்ணட்டும்?" என்று துணியை வாரிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மீதி ஒரே ஒரு பிளேட். கண்காட்சிக்கு முன்னால் கடைசி வளர்பிறையும் அந்த வாரம்தான். அதற்குள் சீமைப் படமும் வந்து சேர்ந்துவிட்டதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

மன்னியைச் சமாதானப்படுத்தலாம் என்று கீழே போனேன். கிணற்றடியில் குழந்தையின் துணிகளைத் துவைக்கிற கல்லில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு விழவேண்டிய அடிகள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கல்லின் மறுகோடியில் இருந்த சொம்பைப் பார்த்தேன். ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் லேசாகச் சிலிர்த்து உடனே அடங்கிவிட்டது. அதே சொம்பை மாடியில் கொண்டுபோய் வைத்து, மன்னியை நடக்கச் சொன்னேன். தண்ணீர் வெகுநேரம் அலையடித்துக்கொண்டே இருந்தது.

தொலைநோக்கியைக் கீழே இறக்கினேன். அண்ணா படியில் நின்று மறித்தான்.

"நிலாவைப் பிடிக்க யாராவது கிணத்தடிக்குப் போவாளா?"

"அது இருக்கற தூரத்துக்கு மாடியும் ஒண்ணுதான், கிணத்தடியும் ஒண்ணுதான். வழி விடு அண்ணா."

உயரத்தில் இருந்தால் நல்லது என்று அதுவரை நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பாதி நிலா அந்தி நேரத்தில் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். தென்னை மட்டைகளுக்கு நடுவே தெரிந்த வானமே அதற்குத் தாராளம். மதில் காற்றையும் தடுத்தது. ஸ்டாண்டின் மூன்று கால்களையும் திருகிக் கழற்றி ஓரமாகப் போட்டேன். தலைப்பகுதியை ஒரு பலகையில் முடுக்கி, பலகையைக் கல்லின் விளிம்போடு கிணற்றுக் கயிற்றால் அண்ணாவும் நானும் வரிந்து கட்டினோம். கயிற்றுக்கு அடியில் மன்னி ஆப்பு அடித்தாள். சுண்டினால் கயிறு தந்தி மாதிரி ஒலித்தது. கேமராவின் கனத்தால் குழலின் பின்பக்கம் தாழ்ந்ததால், முன்பக்கத்தில் மணல் முடிச்சு ஒன்றை இறுக்கிக் கட்டினேன்.

இன்னும் ஒரு தொல்லை. கேமராவைத் திறக்கக் கை பட்டாலே குழல் சற்று நடுங்கும். அதற்கு மன்னியின் கையில் ஓலை விசிறியைக் கொடுத்தேன். குழலைத் தொடாமல் அதன் வாயை விசிறியால் மறைத்துக்கொண்டு அவள் நிற்கவேண்டும். நான் கேமராவைத் திறந்து, நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்து, "எடுங்கோ" என்றேன். விசிறி விலகியது. "மூடுங்கோ." அவ்வளவுதான் படம்.

சாமான் அறையில் சிவப்பு விளக்கில் பிளேட்டைக் கழுவியவன் அண்ணா. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டான். பாதி நிலா ஊசி முனையால் கீறின மாதிரி கூர்மையாக நின்றது. வெளிச்சமும் இருட்டும் சேருகிற இடத்தில் பள்ளம் பள்ளமாக எண்ணலாம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கர்வம்தான், வேறென்ன.

கண்காட்சியன்று என் படம் சுவரில் தொங்கியது. காரியதரிசி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். அவர் வரவழைத்தது இன்னும் மேஜையில் கட்டுப் பிரிக்காமல்தான் கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

"ரொம்ப சுத்தமா வந்திருக்கு. சீமைக்காரன் சீமைக்காரன்தான்" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. நான் வாய் திறப்பதற்குள், கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த அண்ணா முன்னே வந்தான்.

"என் தங்கை எடுத்தது சார்" என்றான். "எங்காத்துக் கிணத்தடியில. நான் மூச்சை அடக்கிண்டு பக்கத்துல நின்னுண்டிருந்தேன்."