தண்ணீரில் நனைத்த வட்டங்கள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு முட்டைக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக முட்டை திறக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கருக்கொண்ட கோழிமுட்டையின் மூன்றாம் நாள், ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சுவார். உள்ளே சவ்வு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கும். கத்தரியால் ஓட்டில் நகமளவு ஜன்னல் வெட்டி டேப் ஒட்டுவார். எட்டாம் நாள் அதன் வழியே, மருந்தில் நனைத்துக் காயவைத்த சின்னத் தாள்வட்டம் ஒன்றைச் சவ்வின் மேல் வைப்பார். பத்தாம் நாள், அங்கே புது ரத்தக்குழாய் வளர்ந்திருக்கிறதா, நின்றுவிட்டதா என்று எண்ணுவார். பெரிய படிப்புப் படித்தவர்கள் வெட்டினால் பத்தில் நாலு உடையும். இவர் கையில் ஒன்று உடைந்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய அக்காவுக்குத் தையல் வேலை. சட்டைக் காலர் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. போன வருடம் அளவு டேப்பின் கோடுகள் இடது கண்ணில் நெளிய ஆரம்பித்தன. விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன, அவற்றை அடக்க மாதம் ஒரு ஊசி, அதுவும் கண்ணுக்குள்ளேயே என்றார் டாக்டர். அவர் கொடுத்த கட்டம் போட்ட தாளை பீரோ கதவில் ஒட்டி, தினமும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார் அக்கா. ஐந்து ஊசியில் கோடு நிமிர்ந்தது. ஆனால் ஊசிக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே அவருக்குச் சாப்பாடு இறங்காது.

முட்டைக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அப்போது முட்டைகளில் சோதித்துக்கொண்டிருந்த திராட்சைக் கொட்டைச் சாறு பற்றி அக்காவிடம் அளக்க ஆரம்பித்தார்.

"வட்டத்துக்கு அடியில ஒரு குழாய்கூட வரலக்கா. மத்த முட்டைல காடு மாதிரி வளந்திருக்கு."

"ஊசி பண்றதும் அதைத்தானே?"

"அதைத்தான்."

"நீயே பாத்தியாடா?"

"எண்ணினதே நான்தானே!"

"அப்ப ஊசிய விட்டுட்டு, இதைப் பொடி பண்ணிக் குடிக்கட்டுமா?"

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "குடிச்சுத்தான் பாரேன்" என்றார். தன் முட்டைகள்மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. இரண்டு மாத ஊசி தப்பியது.

அந்தச் சமயத்தில், சாறு பற்றி ஆராய்ச்சி மேடம் எழுதி அனுப்பிய கட்டுரை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. ஒப்பீட்டு முட்டைகளை மறுபடி செய்யச் சொல்லியிருந்தார்கள். அதாவது, சாறு இல்லாமல், சாற்றைக் கரைக்கிற ஸ்பிரிட்டில் மட்டும் நனைத்த வட்டம் வைத்த முட்டைகள். மேடம் இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து தன் கையாலேயே நனைத்தார். பத்தாம் நாள் பார்த்தால், அந்த வட்டங்களுக்கு அடியிலும் ஒரு குழாய் இல்லை.

"இத்தனை நாள் எதுல நனைச்சீங்க?"

"தண்ணிலம்மா."

"ஏன்?"

"மருந்தே இல்லாம வெறும் ஸ்பிரிட்ட வச்சு அதுங்களச் சுடணுமான்னு... பாவமா இருந்துச்சும்மா."

ஆக, குழாயை நிறுத்தியது சாறு இல்லை. சரியாகக் காயாத ஸ்பிரிட். வருடக்கணக்காகச் செய்துவந்த இந்தக் கருணையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தப்பென்று தோன்றினால்தானே சொல்வதற்கு. மேடம் திட்டவில்லை. நோட்டில் சாறு பற்றிய பக்கங்களுக்கு ஒவ்வொன்றாகக் குறுக்குக்கோடு போட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது முட்டைக்காரருக்கு. மூன்றாவது பக்கத்தில்தான் அக்கா ஞாபகம் வந்தது. சொல்லிக்கொள்ளாமல்கூட ஓடினார்.

அக்கா ஒரு காலரைப் பிரித்துக்கொண்டிருந்தார். கோணலாக வந்துவிட்டதாம். முட்டைக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கட்டத்தாளுக்கு முன்னால் நிறுத்தி, நல்ல கண்ணை மூடச் சொன்னார்.

"கோடு எப்படிக்கா இருக்கு?"

"ஒரு வாரமா நடுவுல கருப்பா என்னமோ மறைக்குது. பொடி வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும்ல? அதான் உன்கிட்ட சொல்லல."

அவர் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். அன்றே ஊசி போட்டார்கள். அடுத்தடுத்த மாதங்களும் போட்டார்கள். கசிவு நின்றது; நடுவிலிருந்த கருப்பு மட்டும் போகவில்லை. அது வடு, இனி அப்படியேதான் இருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது அக்கா வலது கண்ணாலும் விரலாலும் தைக்கிறார். காலருக்கு முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு, பட்டன் வைக்கக் கையூசியை எடுத்தபடி கேட்டார்.

"தண்ணி வச்சியே, அந்தக் குஞ்சுங்களாவது பொழச்சுதாடா?"

"இல்லக்கா. பத்தாம் நாள் எண்ணி முடிச்சதும் எல்லாத்தையும் ஒண்ணா ஃப்ரீசர்ல வச்சிருவோம். எதுவும் பொரிக்காது."

"அப்ப யாருக்குடா பாவம் பாத்த?"

முட்டைக்காரர் அக்கா கையிலிருந்த ஊசியை வாங்கி, நூல் கோத்துக் கொடுத்தார்.