வீட்டு மரத்தை அறுக்கக் கொண்டுபோனோம்: சேத்தூர் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை

இது சுற்றுலாப் பதிவு இல்லை. வீட்டில் நின்ற மரத்தை மில்லில் கொடுத்து அறுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன ஆவணியில், சேத்தூரில் இருக்கும் என் அக்கா வேலம்மாள் வீட்டு வேப்பமரம் காற்றில் சாய்ந்து சுவரைத் தொட்டுவிட்டது. வெட்டியாக வேண்டும், ஆனால் விறகுக்குப் போட அவளுக்கு மனமில்லை. அவள் மகன் கார்த்திக் போலீஸ் வேலைக்குத் தேறி, பயிற்சிக்குக் கிளம்பும் முன்பே பைக் விபத்தில் இறந்துபோனான். தினமும் உடற்பயிற்சி செய்தது அந்த மரத்தடியில்தான். மரத்தைப் பெஞ்சாக்கி அவன் ஓடிப் பழகிய மைதானத்தில் போட வேண்டும் என்றாள். “ஓடி வார பிள்ளைக செத்த நேரம் உக்காரட்டும்லே” என்று போனில் சொன்னதும் நான் சென்னையில் ரயிலேறிவிட்டேன்.

கிளம்பும் முன் சில சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வேரை ஒட்டிய முதல் துண்டு அடிமரம். பருமனும் நேரும் அதில்தான் இருக்கும். உள்ளே சிவந்து கெட்டியாக இருப்பது வைரம், அதைச் சுற்றி வெளுத்திருப்பது வெள்ளை. வெள்ளையைப் பூச்சி அரிக்கும் என்பதால் பலகைக்கு வைரம்தான் பேச்சு. சுற்றளவையும் நீளத்தையும் வைத்துக் கன அடி போடுவார்கள். இவ்வளவையும் ரயிலில் படித்துவிட்டு, பெரிய மர வியாபாரி மாதிரிதான் போய் இறங்கினேன்.

லோடு ஆட்டோ வாடகை ஆயிரத்து இருநூறு. பதினோரு அடித் தண்டை ஏற்றிக்கொண்டு அக்காவும் நானும் காலை எட்டரைக்குச் சேத்தூரில் புறப்பட்டோம். ராஜபாளையம் பத்து கிலோமீட்டருக்குள்தான். முதல் மில்லில் என் படிப்பை யாரும் சோதிக்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி.

“வீட்டு மரமா, தோட்டத்து மரமா?”

வீட்டு மரம் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். இரண்டாவது மில்லிலும் அதே கதை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. டிரைவர்தான் விளக்கினார்: “வீட்டு மரம்னா துணி காயப்போடக் கொடி கட்ட, லைட்டு மாட்டன்னு எவனாவது ஆணி அடிச்சிருப்பான் அண்ணாச்சி. பட்டை மூடிரும், வெளிய தெரியாது. ரம்பம் அதுல பட்டா பல்லு தெறிச்சு ஆளு கண்ணு போயிரும்.” அதற்குப் பிறகு கோபப்பட என்ன இருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். பால்கோவா வாங்கினீர்களா என்று கேட்பவர்களுக்கு: வாங்கவில்லை. ஊருக்கு வெளியே இருந்த மில்லில், இரும்பு எங்கே இருக்கிறது என்று நாங்களே காட்டினால் அறுப்பதாகச் சொன்னார்கள்.

இரும்பு இருந்தது. பார் கட்டித் தொங்குவதற்காக, பிளஸ் டூ படிக்கும்போது கார்த்திக் ஒரு கொக்கியை அறைந்திருந்தான். அவன் போன பிறகு பட்டை அதை மூடிவிட்டது. “ஆறடி ஒசரத்துல அடிச்சான். பொறவு மரம் எம்புட்டு வளந்துருச்சு! கொக்கியும் மேல போயிருக்கும்” என்றாள் அக்கா. நானும் ஆமாம் என்றேன். மேலே மூன்றடியைத் துண்டு போட்டுத் தள்ளினார்கள். மிச்சம் எட்டடி அடிமரம். பெஞ்சுக்குத் தாராளம் என்று அக்காவின் முகம் தெளிந்தது.

ரம்பத்தில் ஏற்றும் முன், வேறு இரும்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க மில்காரர் இரும்பு காட்டும் கருவியைத் தண்டின் மேல் ஒரு தடவை ஓட்டினார். அடியிலிருந்து ஐந்தரை அடியில் அது கத்தியது. வெட்டும்போது தரையில் அரை அடிக் கட்டையை விட்டிருந்தோம். கூட்டினால் சரியாக ஆறடி.

“மரம் நுனியிலதான் ஒசரும்மா. தண்டு பருக்க மட்டும்தான் செய்யும். அடிச்சது அடிச்ச எடத்துலயே கெடக்கும்” என்றார் மில்காரர். “இந்தத் துண்டை ஒதுக்கிட்டா அஞ்சடி பெஞ்சுதான் வரும். அறுக்கவா?”

அக்கா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். பிறகு தலையசைத்தாள். கொக்கி இருந்த துண்டைக் கோடாலியால் பிளந்து இரும்பை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார்கள். “வேண்டாம், உள்ளயே இருக்கட்டும்” என்றாள். அறுத்து முடிக்க மதியம் இரண்டாகிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எந்த மரத்தை வெட்ட, ஏற்றிக்கொண்டு போக அனுமதி வேண்டும் என்று வனத்துறையில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு மரம் என்பதை மறைக்காதீர்கள், அது ஒரு மனிதரின் கண் சம்பந்தப்பட்டது. ஆணி அடித்த உயரம் நினைவிருந்தால் அதையே சொல்லுங்கள், நாங்கள் செய்தது போல மேலே கணக்குப் போடாதீர்கள். பச்சைப் பலகையை உடனே இழைக்கக் கொடுக்காமல் நிழலில் அடுக்கிச் சில மாதம் காயவிடுங்கள், இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும்.

திரும்பும்போது அக்கா முன்சீட்டில் உட்கார மறுத்துவிட்டாள். பின்னால் பலகைகளோடு, கொக்கி இருந்த துண்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் ஏறிக்கொண்டேன். ராஜபாளையம் தாண்டியதும் அந்தத் துண்டைத் தொட்டுக் காட்டினாள்.

“அவன் போனதுலருந்து தெனமும் அந்தக் கொக்கியத் தேடுவேம்லே. மேல மேல அண்ணாந்து பாப்பேன், கண்ணுக்கே தட்டுப்படாது” என்றாள். “என் கைக்கு எட்டுற எடத்துலதான் இருந்திருக்கு.”