நான் நிறுத்திய காவலும் குடைக்கார ஆடிட்டரும்

நான் பார்த்துக்கொள்ளும் தேயிலைக் கம்பெனி சேர்வருக்குள் கள்ளன் புகுந்துவிட்டான் என்றுதான் அன்று காலை நம்பினேன். வெளிநாட்டார் தேயிலை கேட்டுப் பதியும் ஓடர் பக்கம் திறக்கவேயில்லை. இணையக் கேபிளைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோது கம்ப்யூட்டர் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட்டர் வந்தார். அவர் ‘சரி’ என்று எழுதாவிட்டால் வெளிநாட்டு வியாபாரமும் போகும், என் வேலையும் போகும்.

ஒல்லியான மனிதர். கண்டி மழையை நம்பாதவர். அறைக்குள்ளும் குடை கையிலேயே தொங்கியது.

“கேபிளை விடுங்கோ, அது ஓடாது. சிஸ்டத்தின்ர காவல் ஓடுதோ? எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் எண்டு பாக்குமே, அது.”

“ஜோரா ஓடுது சார்!”

பச்சைப் பொய். அதன் தொல்லை தாங்காமல் நானே நிறுத்திப் பல மாதம்.

“அடிச்சுக் காட்டுங்கோ.”

முருகனை நினைத்துக் கட்டளையைத் தட்டினேன். காவல் இயங்குவதாகத் திரை சொன்னது.

“ஓடுதெண்டு சொன்ன நீங்களே ஏன் திடுக்கிடுறியள்?” என்றபடி ‘சரி’ எழுதினார். அவருக்கு எவ்வளவு புரிந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் போன பிறகுதான் எனக்கு விளங்கியது: நான் நிறுத்தியது அடுத்த தடவை மெஷின் தொடங்கும்வரைதான் செல்லும். முதல்நாள் கரண்ட் போய் வந்ததில் காவலும் எழுந்து, விதிக்கு மாறாகக் கண்ட இடத்தில் நான் போட்டிருந்த ஓடர் பக்கத்தைத் தடுத்திருந்தது. கள்ளன் யாரும் வரவில்லை.