பேசக் கூடாத ஒரு மணி நேரம்

பஸ் டிப்போவில் அவரை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். பின்படியிலிருந்து அவர் ஒரு அதட்டல் போட்டால் முன்படியில் தொங்குகிறவன் உள்ளே போய்விடுவான். அப்படி வாய் ஓயாத கண்டக்டர், சொல்லியே தீர வேண்டிய ஒன்றை மட்டும் மூன்று மாதமாக மனைவியிடம் சொல்லவில்லை. விழுங்கிய சாப்பாடு நெஞ்சில் அடைத்துக்கொண்டு இறங்க மறுத்தது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். அவருக்கு இருந்தது. ஒரு நாள் டிப்போ கேன்டீனில், வாயில் போட்டது எல்லார் முன்னாலும் திரும்பி வந்துவிட்டது. எதிரில் இருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். மானம் போய்விட்டது. அன்றிலிருந்து மனைவி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை டிரைவரிடம் நீட்டிவிட்டு ஒரு டம்ளர் பாலோடு ஒதுங்கிக்கொள்வார். ராத்திரி வீட்டில், "மத்தியானம் தின்னதே இன்னும் செரிக்கல" என்று கஞ்சியோடு முடித்துக்கொள்வார். டிரைவர் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகப் பெருத்தான். இவர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். மெலிந்ததற்கு டியூட்டி அலைச்சல் என்று காரணம் சொன்னார். மனுஷனுக்குப் பொய்க்கா பஞ்சம்?

கடைசியில் அந்த டிரைவர்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்து, உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள்.

"ஆபரேஷன் பண்ணலாமான்னு இப்பவே சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "நோய் அந்தக் குழாயோட நிக்குதா, வேற எங்கயாவது போயிருக்கான்னு ஸ்கேன்ல பாக்கணும். நின்னிருந்தா எடுத்துடலாம்."

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். அதில் அவருக்கு நல்ல பழக்கம். மனைவியிடம் டியூட்டி என்று சொல்லிவிட்டு டிரைவரோடு வந்திருந்தார்.

நர்ஸ் ஊசி போட்டு, கம்பளி போர்த்தி, சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தாள். "மருந்து பரவ ஒரு மணி நேரம் ஆகும். அது வரைக்கும் பேசக் கூடாது. எந்தத் தசை வேலை செய்யுதோ அது மருந்தை இழுத்துக்கும். படத்துல நோய் மாதிரியே வெளிச்சமாத் தெரியும்."

மைக் பவ்யமாகத் தலையாட்டினார். செல்போனை டிரைவரிடம் கொடுக்கச் சொன்னதற்கும் தலையாட்டிவிட்டுக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டார். மத்தியானம் மனைவி கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் டிப்போவுக்குப் போன் போட்டுவிடுவாள்.

கூப்பிட்டாள். "சாப்டீங்களா?"

"ஆச்சு" என்று வைத்திருக்கலாம். அவளோ, "என்ன, பஸ் சத்தமே காணோம்?" என்றாள். வண்டி பிரேக்டவுன் என்றார். எங்கே என்றாள். மெக்கானிக் வந்தது, பயணிகள் சண்டை பிடித்தது என்று கதை வளர்ந்தது. நடுவில், "மீன் பிரமாதம், உப்புதான் ஒரு கல் கம்மி" என்றும் சேர்த்துக்கொண்டார். வழக்கமாக இந்த அபிப்பிராயத்தை டிரைவரிடம் கேட்டு வாங்கித்தான் சொல்வார். அன்று சொந்தச் சரக்கு. நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்கும் வரை பேசினார்.

அடுத்த வாரம் மனைவியோடு வந்தால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று காலையில்தான் அவளிடம் நோயைச் சொன்னார்; டிபன் பாக்ஸ் போன இடத்தைச் சொல்லவில்லை. அழுத முகத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் படத்தைத் திரையில் போட்டார். "நெஞ்சுல இருக்கறது தெரிஞ்சதுதான். ஈரல் சுத்தமா இருக்கு, எலும்பும் சுத்தம். ஆனா குரல்வளை பக்கத்துல ஒரு வெளிச்சம் இருக்கு. ரெண்டு பக்கமும் சமமா இருக்கறதால தசைன்னு தோணுது. ஊசி போட்டப்புறம் பேசினீங்களா?"

"இல்லீங்க சார்."

மனைவி பக்கத்தில் இருந்தாள். அதனால் சொன்ன பொய்.

"அப்போ இதைச் சும்மா விட முடியாது. அங்கயும் டெஸ்ட் பண்ணணும். அங்க பரவியிருந்தா ஆபரேஷன் கிடையாது."

மனைவியின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அவருக்குக் காது வரை சூடேறியது.

"பேசினேன் சார்."

"யார்கிட்ட?"

"இவகிட்டதான். பஸ்ல இருக்கேன், சாப்ட்டேன்னு..."

டாக்டர் மூச்சு விட்டார். "நல்ல வேளை சொன்னீங்க. அந்த இடத்தை கேமரா விட்டு ஒரு தடவை பாத்து உறுதி பண்ணிக்கலாம். ஒண்ணும் இல்லன்னா ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்."

வெளியே வந்ததும் அவள், பெஞ்சிலிருந்து எழுந்த டிரைவரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"தினமும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னது?"

அவர் டிரைவர் பக்கம் கையைக் காட்டினார்.

"நெசமாவே நல்லா இருந்துச்சுக்கா" என்றான் அவன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

அவள் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க தினம் போன் பண்ணிக் கேட்டேன்? நீங்க சாப்ட்டாச்சுன்னு தெரிஞ்சப்புறம்தான் நான் தட்டுல கை வைப்பேன். நீங்க பட்டினி கெடந்த இத்தனை நாளும் நான் வயிறு நெறையத் தின்னிருக்கேன்."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் அவள் பக்கத்தில் உட்காரக்கூடக் கூசி நின்றுகொண்டிருந்தார்.