முங்காத மூப்பர்

பெந்தெகொஸ்தே என்ற எங்கள் தீவின் வடகரையில் ஏனோக் தாரி பெரியப்பா ஞானஸ்நானம் கொடுக்காத வீடு கிடையாது. கொப்பரை வெட்டுவதும், வேரை இடித்துக் குடிக்கும் கவாச் செடி நடுவதும் அவர் பிழைப்பு. சபையில் மூப்பர். இடுப்பளவு கடலில் நின்று, ஒரு மயிர்கூட மேலே தெரியாமல் ஆளை முழுக்குவார். முழங்கை வெளியே நின்றுவிட்டால் மறுபடியும் ஒரு முறை. பக்கத்து ஊர் ஆங்கிலிக்கன்காரர்கள் குழந்தை நெற்றியில் தண்ணீர் தெளிப்பதை, "மொகம் கழுவி விடுறாங்க" என்று சிரிப்பார். முங்காதவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்பதில் அவர் இம்மியும் இறங்கியதில்லை. முங்காமலே காய்ச்சலில் இறந்த ஒரு வாலிபனின் கல்லறையில் ஜெபிக்க மறுத்தார். அவன் தாய் காலைப் பிடித்து அழுதும் மறுத்தார்.

போன மார்ச்சில் அவர் கால்கள் வீங்கின. இதயம் தளர்ந்துவிட்டது, நாள் அதிகமில்லை என்றார் நர்ஸ். அதே வாரம் வானொலியில் புயலுக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்தது. காற்று வரும் முன்பே கடலின் சத்தம் மாறிவிட்டது. பவளத்திட்டில் ஒரு பறவைகூட உட்காரவில்லை. காலையில் லோயிஸ் பெரியம்மாவும் நானும் கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"லோயிஸ், நான் முங்கினதே இல்ல."

"குளிக்கச் சொன்னா எங்க கேக்குறீங்க," என்றாள் பெரியம்மா, முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஞானஸ்நானத்தைச் சொல்றேன்டி."

பதினாறு வயதில் நடந்தது அது. கப்பலில் வந்த போதகர் இருபத்தொரு பேரை வரிசையாக முழுக்கினார். இவர் முறை வருமுன் திட்டுக்கு அப்பால் ஒரு சுறாவின் துடுப்பு தெரிந்தது. பாறை மறைவில் ஒதுங்கி, சட்டையையும் தலையையும் நனைத்துக்கொண்டு, முங்கி வந்தவர்களோடு போய் நின்றுவிட்டார். ஈரத்தைப் பார்த்துப் போதகர் பெயரை எழுதிக்கொண்டார். ஐம்பத்திரண்டு வருடம் ஆகிறது.

"உங்க மனசு கர்த்தருக்குத் தெரியாதா?" என்றாள் பெரியம்மா.

"அந்தப் பையன் மனசும்தான் தெரிஞ்சிருக்கும். நான் விட்டேனா?"

"இன்னொரு மூப்பரைக் கூப்பிடுவோம்."

"ஊருக்கே தெரிஞ்சிடும். முங்காதவன் கையாலயா முங்கினோம்னு ஒவ்வொருத்தனும் நடுங்குவான். நீயே குடு."

"பொம்பள குடுத்தா செல்லுமா?"

"செல்லாதுன்னு சொல்லிவச்சவனும் நாந்தான். வா."

"உங்க கையாலதானே நான் முங்கினேன்? அப்ப நான் முங்கினவளா, முங்காதவளா?"

அவர் என் தோளைப் பிடித்து எழுந்தார்.

ஊரார் படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். முனைக்கு இந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி இறங்கினோம். தண்ணீர் கலங்கி, வெதுவெதுப்பாக இருந்தது. ஒவ்வொரு அலையும் முந்தியதைவிட உயரமாக வந்தது. பெரியம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லி அவர் மார்பில் கைவைத்துச் சாய்த்தாள். முழுவதும் மறைந்தார். நான் வெளியே தூக்கினேன். பாரம் இறங்கிய அப்படியொரு முகத்தை அவரிடம் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

திரும்பினால், கரையில் கயிறும் கையுமாகப் பதினைந்து பேர்.

"என்ன மூப்பரே, கெழவி கையால மறு முழுக்கா? அப்படி என்ன பாவம் பண்ணீங்க?" என்று சிரித்தான் படகுக்கார பூலே.

ஒரு பொய் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த முகத்தோடு அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"மறு முழுக்கு இல்ல பூலே. இதுதான் மொத முழுக்கு."

சிரிப்பு நின்றது. அதன் அர்த்தம் ஒவ்வொரு முகத்திலும் ஏறுவதை நான் பார்த்தேன். பூலே கயிற்றை மணலில் போட்டுவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தான். அவன் மனைவி கைக்குழந்தையோடு பின்னால் இறங்கினாள். பிறகு மற்றவர்களும்.

"போங்க! கடல் ஏறுது, வீட்டுக்குப் போங்க!" என்று கத்தினார் பெரியப்பா.

"நீங்க மட்டும் இரட்சிக்கப்பட்டாப் போதுமா?" என்றான் பூலே. தண்ணீர் அவன் மார்புவரை வந்திருந்தது. "எங்களுக்கும் குடுங்க. இப்பவே."

பெரியப்பா என்னை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் அவர்களை நோக்கி நீட்டினார். தடுக்கவா, கொடுக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் திட்டின் மேல் தண்ணீர் எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியேதான் அவர்கள் வந்தார்கள்.